பங்குனிப் புளியும் ஐப்பசிப் பணமும்

பங்குனி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு புதிய சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. வேம்பு பூக்கிறது, அதன் நிழலில் பழைய வேட்டியை விரித்துவைத்து, உதிரும் பூவைத் திரட்டி உலர்த்தி, ஆண்டு முழுமைக்கும் ரசத்துக்கென்று எடுத்து வைக்கிறார்கள். மாவடு ஜாடியில் ஏறுகிறது. வெயில் உறைக்கத் தொடங்கியதும் மொட்டை மாடியிலும் முற்றத்திலும் கூழ்வற்றலும் மோர் மிளகாயும் காய்கின்றன. காக்கை ஓட்டுவதற்கென்று ஒரு சிறுவன் கையில் கோலுடன் காவல் வைக்கப்படுகிறான். காக்கை தின்பதைவிட அவன் தின்பது அதிகம் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கு. இளவேனில் என்றதும் புலவர்களுக்குத் தென்றலும் குயிலும் நினைவுக்கு வந்தன. குடித்தனம் நடத்துகிறவர்களுக்கோ, அது அடுத்த பங்குனி வரையில் வேண்டிய சாமான்களை வாங்கிச் சேர்த்துவைக்கும் காலமாகும்.

இதற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரித் துவரை தை, மாசியில் அறுவடையாகிறது. மாசி தொடங்கிச் சித்திரை வரையில் புளி உலுக்குகிறார்கள். ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, இந்த மாதங்களிலேதான் சந்தையை நிறைக்கிறது. ராமநாதபுரத்து முண்டு மிளகாய் வரத்தும் இப்போதுதான். காவிரிப் படுகையில் சம்பா அறுத்த தாளடியில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருகின்றன. (ஈரோட்டு மஞ்சள் 2019-லும், முண்டு மிளகாய் 2023-லும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. பெயர் பெற்றது விளைவித்தவர் மடியில் எவ்வளவு சேர்த்தது என்பது வேறு விஷயம்.) ஆகவே, சமையலறைப் பானைகளுக்கு வேண்டியவற்றிற் பல, சொல்லிவைத்தாற்போல், ஒரே பருவத்தில் ஒன்றாக வந்து நிற்கின்றன.

பருவத்தில் வாங்கு, பார்த்து வாங்கு, மொத்தமாக வாங்கு என்று உபதேசம் செய்வது எங்கள் துறையிலுள்ளோர்க்கு நெடுநாளைய பழக்கம். கூட்டுறவு வார விழாவில் சிக்கனத்தைப் பற்றிப் பேசாத மேடையில்லை. நானும் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை நான் நிறுத்திக்கொள்ள நேர்ந்த காரணத்தை இவ்விதழின் அங்கத்தினர்களாகிய நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் சொல்லவேண்டியே இதை எழுதுகிறேன். எழுதுவது என் சொந்த அபிப்பிராயம், இலாகாவின் உத்தரவன்று.

2022-ஆம் ஆண்டுப் பங்குனியில், கடன் நிலுவை விசாரணைக்காக ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வீட்டுக்காரர் குழித்தறியில் இருந்தார். அவர் மனைவி இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வேளையில், அவர்கள் பெண் கடைக்குப் போய்ப் பத்து ரூபாய்க்குப் புளியும், ஒரு சிறு பொட்டலம் மிளகாய்த் தூளும் வாங்கி வந்தாள். பட்டதாரி என்ற மிடுக்கும், ஆய்வாளர் என்ற உரிமையும் சேர்ந்து என்னைப் பேச வைத்தன. “அம்மா, ஊரெல்லாம் புதுப் புளி குவிந்து கிடக்கிறது. வருஷத்துக்கு வேண்டியதை இப்பொழுதே வாங்கி வைத்தால் கிலோவுக்கு எவ்வளவோ மிச்சமாகுமே. இப்படிப் பத்துப் பத்து ரூபாயாக வாங்கலாமா?” என்று கேட்டேன்.

இராட்டையை நிறுத்தாமலே அந்த அம்மையார் சொன்ன பதில் இது: “அந்தக் கணக்கு எனக்கும் தெரியுமுங்க. பத்துக் கிலோ புளி வாங்கோணும்னா இன்னைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வேணும். இந்த வாரக் கூலியைப் புளியிலே போட்டுட்டா, மத்த செலவுக்கு யார்கிட்டப் போய் நிக்கறதுங்க? உங்க சங்கத்துல நகைக்குக் கடன் உண்டு, மாட்டுக்குக் கடன் உண்டு. புளிக்கு உண்டுங்களா?”

இல்லை என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

வீடு திரும்பியபோது எங்கள் முற்றத்திலே புளி காய்ந்துகொண்டிருந்தது. என் தாயார் கல்லில் வைத்துக் கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். குழந்தைகள் அந்தக் கொட்டைகளை வைத்து ஒற்றையா இரட்டையா ஆடிக்கொண்டிருந்தனர். எங்கள் குடும்பம் செட்டான குடும்பம் என்று அதுவரையில் நான் பெருமை கொண்டிருந்தேன். அன்று யோசித்துப் பார்த்தபோது, அந்தச் செட்டில் முக்காற்பங்கு என் மாதச் சம்பளத்தைச் சேர்ந்தது என்று பட்டது. மாதம் தவறாமல் ஒரு தேதியில் பணம் வருகிறவன் ஒரு மாதம் சற்று இறுக்கிப் பிடித்து ஐயாயிரம் ரூபாயை எடுத்துப் புளியிலும் மிளகாயிலும் போட முடியும். வாரக் கூலிக்காரன் எந்த வாரத்தை இறுக்குவான்?

நெசவாளர் வீட்டிற்குப் பணம் வரும் காலத்தையும், பண்டம் வரும் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சங்கத்தில் போனஸ் கிடைப்பது தீபாவளியை ஒட்டி, அதாவது ஐப்பசியில். தீபாவளிச் சரக்கும் பொங்கல் சரக்கும் கைமாறியபின், மாசி பங்குனியில் பல ஊர்களில் விற்பனை மந்தம். அதே பங்குனியில்தான் மாரியம்மன் பண்டிகை, உறவினர் வருகை, பிள்ளைகளுக்குத் துணி. ஐப்பசியிலே கையில் பணம் இருக்கும்போது புளி பழம்புளியாகிக் கிடங்கிலே விலை ஏறிக் கிடக்கிறது. பங்குனியிலே புளி வரும்போது போனஸ் செலவாகி ஐந்து மாதம் ஆகிவிட்டது. நடுவிலுள்ள இந்த ஐந்து மாதந்தான் விஷயமே ஒழிய, குடும்பப் பெண்களின் சிக்கன அறிவில் குறைவொன்றும் இல்லை.

ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின்படி துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கப்படுகின்றன. வயிற்றுப் பசியை இது பெரிதும் தீர்த்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சோற்றில் ஊற்றும் குழம்புக்கு வேண்டியவை மளிகைக் கடையிலிருந்தே வரவேண்டும். அங்கேதான் பொட்டலம் வாழ்கிறது.

பொட்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிதாக வாங்குவதெல்லாம் மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் என்பவர் பொடியையும் திரவத்தையும் சிறு உறைகளில் அடைத்து விற்கும் வழியைக் கண்ட நாளிலிருந்து, ஷாம்பு போன்ற சிலவற்றில் ஒரு ரூபாய் உறை, பெரிய புட்டியைக் காட்டிலும் மலிவாக இருப்பதை நானே கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது பெரும்பாலான பொட்டலங்களில் மொத்த விலையோடு கிராம் ஒன்றுக்கு, அல்லது கிலோ ஒன்றுக்கு, என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புளி, மிளகாய், பருப்பு ஆகிய மூன்றில் மட்டும் சில்லறைப் பொட்டலம் நமக்கு அநேகமாக நஷ்டமே.

இனி, விளைவிக்கிறவர் பக்கம் வருவோம். பயிர்க் கடனை உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் வட்டியில்லை என்ற சலுகை நம் மாநிலத்தில் இருக்கிறது. நல்ல சலுகை. ஆனால் தவணை நெருங்கும்போது அறுவடையை வைத்திருந்து விற்பதற்கு யாருக்கு மனம் வரும்? களத்திலிருந்து நேரே சந்தைக்கு ஓட்டுகிறார்கள். எல்லோரும் ஒரே மாதத்தில் ஓட்டுவதால் விலை இறங்குகிறது. விளைபொருளின்மீது ஈட்டுக்கடன் பெற்று இருப்பு வைக்கக் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களில் வழி உண்டு. கிடங்கு வரையில் கொண்டுபோகும் வண்டிக் கூலிக்கே வழியில்லாத சிறு விவசாயி அதை அதிகமாகப் பயன்படுத்துவதில்லை. நாலு புளிய மரம் வைத்திருப்பவர் காய்க்கு முன்னமே மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்.

இவ்வாறு, பங்குனியிலே விவசாயி மலிவாக விற்கிறார். ஐப்பசியிலே நெசவாளர் அதையே கிராக்கியாக வாங்குகிறார். இருவரும் ஒரே வட்டத்தில் இருக்கிறார்கள். இருவரும் கூட்டுறவு அங்கத்தினர்கள். இருவருடைய சங்கங்களுக்கும் இடையே பல இடங்களில் இரண்டு மைல் தூரங்கூட இல்லை. திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சளும் பருத்தியும் ஏலம் போகின்றன; அந்த ஊரைச் சுற்றிலும் தறியோசை கேட்கிறது. விளைந்த மஞ்சள் தறியுள்ள வீட்டுக்கு வந்து சேர எத்தனை கைகள் மாறவேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். புளியங்கொட்டையைக் கூட இதில் சேர்த்துக்கொள்ளலாம்: அதன் பருப்பை அரைத்த மாவு, நூலுக்கும் சணலுக்கும் கஞ்சி ஏற்ற ஆலைகளில் பயன்படுகிறது. கொட்டைக்குக் கூட நெசவுக்கு வரும் வழி தெரிந்திருக்கிறது!

என் யோசனை புதியதன்று. தீபாவளிச் சீட்டு என்பதை எல்லோரும் அறிவீர்கள். மாதாமாதம் கட்டி, தீபாவளியன்று பலகாரச் சாமானும் பட்டாசும் வாங்கிக்கொள்ளும் முறை. அதை நடத்தியவர் ஐப்பசி வருமுன்னே ஊரைவிட்டுப் போய்விட்ட செய்திகளும் நாம் படிப்பவையே. சிறு தொகையை வாரந்தோறும் கட்டுவதற்கு நம் பெண்கள் அஞ்சுவதில்லை என்பதையே அது காட்டுகிறது. கட்டிய பணத்துக்குப் பத்திரமான இடந்தான் இல்லை. அந்த இடமாக நம் சங்கம் ஏன் இருக்கக் கூடாது? ஐப்பசியில் தொடங்கிப் பங்குனியில் முடியும் ஒரு சேமிப்பு. இதற்குப் ‘பங்குனிச் சேமிப்பு’ என்றே பெயர் வைக்கலாம். ‘சீட்டு’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் அதற்குத் தனி நிபந்தனைகளை விதித்திருக்கிறது. அங்கத்தினரின் சேமிப்பு வைப்பாகவே கணக்கில் வரவேண்டும். துணைவிதி இதற்கு இடங்கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையேல் பொதுக்குழுவில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நால்வர் உள்ள என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஆண்டுக்குப் புளி 10 கிலோ, மிளகாய் 6 கிலோ, ரேஷனில் வருவதற்கு மேல் துவரம்பருப்பு 12 கிலோ, மஞ்சள் 1 கிலோ. பருவத்தில் வாங்கினால் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 5,000 ரூபாய். தீபாவளியிலிருந்து பங்குனி பிறக்கும் வரையில் சுமார் 20 வாரங்கள். போனஸில் 2,000 ரூபாயை ஒதுக்கிவிட்டு, வாரம் 150 ரூபாய் கூலியிலிருந்து பிடித்தால் தொகை சேர்ந்துவிடும். மாசி இறுதியில் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த இருவரும், சாமான் வாங்கிப் பழகிய பெண் அங்கத்தினர் இருவரும் பக்கத்து விற்பனைச் சங்கத்துக்குப் போய், எல்லோருக்கும் சேர்த்துப் பேசி வாங்கலாம். நூறு குடும்பம் சேர்ந்தால் ஒரு டன் புளி. ஒரு டன் வாங்குகிறவனிடம் பேசும் தோரணை வேறு.

எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்பீர்கள். மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நல்ல ஆண்டில் குடும்பத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மிஞ்சலாம். புளி ஓராண்டு கொழித்தால் மறு ஆண்டு காய்ப்புக் குறைவது இயல்பு. அந்த ஆண்டில் பங்குனி விலையே ஏறியிருக்கும். ஏதேனும் ஓராண்டில் பின்னால் விலை இறங்கிவிடவும் கூடும். அப்போது என்னை நொந்துகொள்வீர்கள். ஆயினும் ஆயிரம் ரூபாய் என்பது பல தறி வீடுகளில் பல நாட் கூலி. அதற்கு மேலும் ஒன்றுண்டு: வீட்டில் புளியும் பருப்பும் இருக்கும் மாதங்களில் கடையிலே பற்று எழுத வேண்டிய அவசியம் குறைகிறது. கூலி வராத வாரத்தில் கடைக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கி நிற்கும் அந்தக் கூச்சத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

1844 டிசம்பர் 21-ஆம் தேதி இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் டோட் லேன் என்ற தெருவில் கடை திறந்த 28 பேரின் கதை நமக்குப் பாடமாகவே சொல்லப்படுகிறது. அவர்களில் நெசவாளர் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் என்று நாலைந்து பண்டங்களோடு தொடங்கினார்கள். கடன் கிடையாது, ரொக்க விற்பனை என்ற அவர்களது விதியை நம்மவர் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறோம்: வாரத்துக்கு இரண்டு பென்சு, மூன்று பென்சு என்று பல மாதம் சேர்த்து 28 பவுன் திரட்டிய பிறகே அவர்கள் கடை திறந்தார்கள். ரொக்கம் கொடு என்று சொல்வதற்கு முன் ரொக்கம் சேர வழி செய்தார்கள். 1904-ல் திருவல்லிக்கேணியில் தோன்றிய பண்டகசாலை முதல் இன்று வரையில் நம் நாட்டில் எத்தனையோ பண்டகசாலைகள் தோன்றின, நலிந்தன. அவற்றுட் சில கிராமப் பண்டகசாலைகளின் பழைய கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். சம்பளக்காரர் அங்கே வாங்கினர். கூலிக்காரர் கடன் கொடுக்கும் கடையிலேயே நின்றனர்.

அந்தக் கடைக்காரரையும் நான் பகைக்கச் சொல்லவில்லை. பாவு இல்லாமல் தறி நின்ற வாரங்களில் அரிசியும் எண்ணெயும் கொடுத்தவர் அவர், சங்கம் கொடுக்கவில்லை. அவர் ஏற்றி வைக்கும் விலையில் வராக் கடனும் அடங்கியிருக்கிறது. பங்குனிச் சேமிப்பு வந்தபின்னும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தேயிலைக்கும் அவரிடமே போவோம்.

கூட்டத்திலே எழக்கூடிய மற்ற ஆட்சேபணைகளில் இரண்டை நான் மெய்யாகவே பெரியனவாக எண்ணுகிறேன். முதலாவது, பெண்களின் வேலை. புளியைக் கொட்டையோடு வாங்கினால் மலிவு என்பார்கள். தார் சுற்றும் கை புளி தட்டினால் அன்றைக்குத் தறிக்குத் தார் இல்லை. அந்தக் கையின் நேரத்துக்கும் கூலி போட்டுப் பார்த்தால், கொட்டை நீக்கிய புளியே மலிவாக முடியும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் புளி தட்டுவது எத்தனையோ பெண்களுக்குக் கூலி வேலையாக இருக்கிறது. அந்தக் கூலியைக் கொடுத்து வாங்குவதே நியாயம். கொட்டையோடு வாங்கத்தான் வேண்டுமென்றால், பேரம் முடிக்குமுன் ஒரு கிலோவை அங்கேயே தட்டி நிறுத்துப் பாருங்கள்; விதையும் நாரும் போனபின் நிற்கும் எடை உங்களைத் திகைக்க வைக்கும்.

இரண்டாவது, இடம். ஒற்றை அறை வீட்டில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும்போது சாலும் பானையும் எங்கே வைப்பது? கேள்வி சரியானது. சங்கக் கிடங்கில் வைத்து மாதந்தோறும் கொடுக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். நூலும் துணியும் இருக்கும் கிடங்கில் புளியையும் பருப்பையும் வைக்கவே கூடாது என்று ஆய்வாளன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். ஈரமும் எலியும் பூச்சியும் துணிக்கு வரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் கிடங்கில் இடம் இருந்தால் வாடகைக்குக் கேட்கலாம். இல்லாவிட்டால் புளியும் மிளகாயும் மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, பருப்பை இரண்டு தவணையாக வாங்குவது நல்லது.

வைக்கும் முறையை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாலே போதும்: புளியைக் கல்லுப்பிட்டு மண்பானையிலோ ஜாடியிலோ அமுக்கி வைப்பது, மிளகாயைக் கையில் நொறுங்கும் வரையில் காயவிடுவது. ஈர மிளகாயில் பூஞ்சை பிடித்தால் அது உடம்புக்குத் தீங்கு. முழுத் துவரையாக வைத்தால் பயறு வண்டு துளைக்கும். உடைத்த பருப்புக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரு வருஷம் மூட்டை நிறைய முழுத் துவரையை வாங்கிவிட்டு, ஆவணியிலே பாதியை மாட்டுக்குப் போட்டவன் நான்.

சென்ற தையில் அதே நெசவாளர் வீட்டுக்கு மறுபடியும் போகவேண்டியிருந்தது. நிலுவையில் பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது. இந்த யோசனையை அந்த அம்மையாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, நடுவில் யாருக்காவது உடம்புக்கு வந்து கட்ட முடியாமற் போனால், கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். கேட்ட அன்றே, பிடித்தமின்றிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நிர்வாகக் குழுக்களில் சிலர் ஒரு மாத அறிவிப்பு வேண்டும் என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு மாத அறிவிப்பு கொடுத்துவிட்டு யாரும் போவதில்லை. துணைவிதித் திருத்தம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றை எழுதட்டும். ஆடியில் பொதுக்குழு கூடினால், ஐப்பசிப் போனஸுக்குள் பதிவு வந்துவிடக் கூடும்.